குதிரை ஏற்றப்போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

ஆடி பிறந்தால் என் போன் ஓயாது. அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாத் தேதி தெரிந்ததும் ஆரம்பிக்கும், குதிரைச் சந்தை கலைந்து நாலு நாள் கழித்துத்தான் அடங்கும். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து, முப்பது வயதுப் பையன்கள். எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, ஒரு குதிரை புடிச்சிருக்கேன். பிக்கப்லயே ஏத்திட்டு வந்துரலாமா?"

லட்சக்கணக்கில் கொடுத்துக் குதிரை வாங்கினவன், அதை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்ப்பான். ஒவ்வொருத்தனுக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் ஓட்டுவது 17 அடி லாரி, குதிரைக்கென்றே மாற்றிக் கட்டியது. பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. முதல் மூன்று வருடம், குதிரை ஏற்றுவதற்கென்று சட்டம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிய வைத்தது ஒரு செவலைப் பெட்டைக் குதிரை.

அப்போது என்னிடம் இருந்தது மாடு ஏற்றுகிற பழைய வண்டி. தரை முழுக்க வழவழவென்று இரும்புத் தகடு. தாராபுரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு நாய் குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன். பெரிய பிரேக்கெல்லாம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டை அப்போதுதான் மூத்திரம் விட்டிருந்திருக்கிறது. இரும்புத் தகடு, இரும்பு லாடம், நடுவில் ஈரம். பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து நாய் மாதிரி உட்கார்ந்துவிட்டது. எழ முயலும்போதெல்லாம் மறுபடி வழுக்கும், முட்டி தகட்டில் மோதும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் ரோட்டோரத்து மண்ணைச் சட்டியில் அள்ளி அள்ளிக் கால்மாட்டில் கொட்டினோம். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தது. இரண்டு முட்டியிலும் தோல் இல்லை.

மருந்து போட்ட கால்நடை டாக்டர் என்னைத் திட்டவில்லை. "தரைக்கு என்னங்க போட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றேன். மேஜை டிராயரிலிருந்து இரண்டு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்து, "62-ஆம் விதியைப் படிச்சுப் பாருங்க" என்றார். அந்தத் தாளை இன்னும் பிளாஸ்டிக் கவர் போட்டு வண்டியில் வைத்திருக்கிறேன்.

அது விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978. 1960-ஆம் வருடத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் போட்டது. அதில் 57 முதல் 63 வரை குதிரை, கோவேறு கழுதை, கழுதைக்கு. ரயில், லாரி, கப்பல் மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. ரயில் பகுதியைப் படித்தால் சிரிப்பு வரும்: எஞ்சினிலிருந்து தணல் பறந்து வந்து வைக்கோலில் பற்றாமலிருக்க வேகன் கதவுக்குக் கம்பி வலை அடி என்கிறது. கரி எஞ்சின் காலத்து விதி. ஆனால் லாரிக்குச் சொன்னதில் பழசாகிப்போனது ஒன்றும் இல்லை. எழுதின மனுசன் ஒரு நாளாவது குதிரையோடு லாரிக்குள் நின்றிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும். ஏனென்றால் ஓடுகிற வண்டியில் குதிரை எப்படி நிற்கும், எப்படி விழும் என்ற ஒரே விஷயத்தைத்தான் அந்த வரிகள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

சரி, வண்டியை அளக்க டேப்பை எடுங்கள்.

1978 விதி ஒரு லாரிக்கு நாலு முதல் ஆறு குதிரை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. அதை இறுக்கிப் பிடித்தது மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 125-இ. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொன்றுக்கும் நிரந்தரத் தடுப்பு இருக்க வேண்டும். மாட்டுக்கு 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25 சதுர மீட்டர், அதற்குக் குறையக் கூடாது. கால்நடை வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. இப்படி மாற்றிக் கட்டிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். வாடகைக்கு வண்டி பிடிக்கும்போது டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த லைசென்ஸைத்தான். வாடகைப் பேச்செல்லாம் அப்புறம்.

என் வண்டி 17 அடி நீளம், 7 அடி அகலம். மீட்டரில் 5.18-க்கு 2.13. மொத்தம் 11 சதுர மீட்டர். 2.25-ஆல் வகுத்தால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைகிறது, அதனால் நாலு குதிரை. அகலவாக்கில் நிறுத்துகிறேன், ஒவ்வொரு தடுப்புக்கும் 1.06 மீட்டர். நாலு தடுப்பு போக 3 அடி மிஞ்சும், அதில் ஆளும் தண்ணீர் டிரம்மும் தீனி மூட்டையும். இப்போது பிக்கப்புக்கு வருவோம். எட்டடிக்கு ஐந்தரை அடி என்றால் 4 சதுர மீட்டர் சொச்சம். கணக்குப்படி ஒரே ஒரு குதிரை. இரண்டு பேர் சேர்ந்து வாங்கி, இரண்டையும் ஒரே பிக்கப்பில் திணிக்கிறீர்களே, அது அந்த இடத்திலேயே குற்றம். அதுவும் பக்கவாட்டு அடைப்பு குதிரையின் முட்டி உயரத்துக்குத்தான் இருக்கும். அடைப்பு தாழ்வாக இருந்தால் உயர்த்திக் கட்டு என்று 62-ஆம் விதி தனியாகவே சொல்கிறது. பிக்கப்பிலிருந்து வெளியே எட்டிக் குதித்த குதிரையை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

தரைக்கு வழுக்காத பொருள் போட வேண்டும் என்பது விதி. எந்தப் பொருள் என்று சொல்லவில்லை. நான் மாட்டுக் கொட்டகைக்கு விற்கிற ரப்பர் மேட் போட்டு, ஓரம் நகராமல் பட்டை அடித்திருக்கிறேன். அதன் மேல் வைக்கோல். ரயில் வேகனுக்கு வைக்கோல் 6 செ.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது, லாரிக்கும் அதையே வைத்துக்கொண்டேன். மூத்திரத்தை வைக்கோல் உறிஞ்சிக்கொள்ளும், நெடியும் குறையும். வெறும் ரப்பரில் ஈரம் நின்றால் இரும்புத் தகட்டுக்கு அது தேவலாம், அவ்வளவுதான்.

குதிரைக்கும் குதிரைக்கும் நடுவில் குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள மூங்கில் கட்ட வேண்டும், பின்பக்கம் இரண்டு கனமான கட்டை குறுக்கே போட வேண்டும். இரும்புக் குழாய் போட்டால் நிற்காதா என்று கேட்பார்கள். நிற்கும். ஆனால் குதிரை உதைத்தால் குழாய் வளையாது, எலும்பு முறியும். மூங்கில் முதலில் சத்தம் கொடுக்கும், பிளக்கும், அதற்குள் வண்டியை நிறுத்திவிடலாம். என் வண்டித் தடுப்பின் சட்டகம் இரும்பு, அதில் குதிரை உடம்பு படுகிற இடமெல்லாம் மூங்கில், மூங்கில் மேல் சாக்குச் சுற்று. பக்கச் சுவருக்கும் சாக்கு மெத்தை.

தலை எந்தப் பக்கம்? இடது பக்கம். இதைச் சட்டமே சொல்கிறது: எதிரே வருகிற, முந்திப்போகிற வண்டியைப் பார்த்து மிரளாமலிருக்கத் தலை இடப்புறம் இருக்க வேண்டும். நம் ஊரில் வண்டியெல்லாம் வலது பக்கம்தானே கடக்கிறது. ஆனால் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போக விடாதீர்கள், ரோட்டோரப் புளியமரக் கிளை ஒன்று போதும்.

கட்டுகிற விதம் விதியில் இல்லை, அனுபவத்தில் சொல்கிறேன். கடிவாளத்தில் கட்டக் கூடாது, இழுபட்டால் வாய் கிழியும். தலைக்கயிற்றில்தான் கட்ட வேண்டும், அதுவும் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக. கயிறு எவ்வளவு நீளம் என்றால், குதிரை தலையைத் தாழ்த்தி மூக்கைச் சிந்துகிற அளவுக்கு. தலையை உயர்த்திக் கட்டிவிட்டால் மூக்கில் போன தூசியும் சளியும் வெளியே வராமல் நெஞ்சில் இறங்கும். இறக்கி இரண்டு நாளில் காய்ச்சல், இருமல் என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "எப்படிப்பா கட்டியிருந்தீங்க?"

இனிக் காகிதம். கால்நடை மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் குதிரையை ஏற்றக் கூடாது. இல்லையென்றால் வண்டிக்காரன் ஏற்க மறுக்க வேண்டும் என்று 58-ஆம் விதி என்னையும் சேர்த்தே கட்டுகிறது. அதனால் "டாக்டர் சீட்டு இல்லீங்க, பாத்துக்கலாம்" என்று சொன்னால் நான் வண்டியை எடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சீட்டுக்கென்று தனிப் படிவம் உண்டு, விதிகளின் பின்னால் எஃப் அட்டவணையில் இருக்கிறது. புறப்படுவதற்கு முன் 12 மணி நேரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். பயணத்துக்குத் தகுதி, தொற்று நோய் இல்லை, தீனியும் தண்ணீரும் கொடுத்தாயிற்று, என்ன தடுப்பூசி எப்போது போட்டது, இதெல்லாம் அதில் வரும். போன வாரம் விற்றவன் வாங்கி வைத்த சீட்டு செல்லாது. சந்தை நாளில் டாக்டரைத் தேடி அலைவதற்கு முந்தின நாளே சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. டி.டி. ஊசி போட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் சின்னச் சிராய்ப்பு சகஜம், குதிரைக்கோ ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், சீக்கிரம் பிடிக்கும்.

வெளி மாநிலத்திலிருந்து மார்வாரியோ கத்தியவாரியோ கொண்டுவருகிறவர்கள் கிளாண்டர்ஸ் என்ற தொற்று நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனை முடிவையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஹரியானாவில் ஹிசார் நகரத்தில் குதிரைகளுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது, இந்தச் சோதனைக்குப் பேர்போன இடம். அந்த நோய் மனிதனுக்கும் தொற்றும். இருப்பது உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள், மருந்து கொடுத்து வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். விலை குறைவாக வருகிறதே என்று ஆசைப்படும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரை ஏற்றவே கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. பிறந்த குட்டி, நோயாளி, கண் தெரியாதது, நொண்டுவது, எலும்பும் தோலுமாக இளைத்தது, களைத்தது, ஈன்று 72 மணி நேரம் ஆகாதது, வழியில் ஈன்றுவிடும் என்ற நிலையில் இருப்பது. குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். விற்கிறவன் "ஏழு மாசச் சினைங்க" என்பான். மடியைப் பாருங்கள், காம்பு நுனியில் மெழுகு மாதிரி திரண்டிருந்தால் அவன் கணக்கு பொய். சினையையும் குட்டியையும் மற்ற குதிரைகளோடு கலக்கக் கூடாது. தாயும் குட்டியும் என்றால் நடு மூங்கிலைக் கழற்றி இரண்டு தடுப்பை ஒன்றாக்கிக் கொடுப்பேன், வாடகையும் இரண்டு குதிரைக்கு வாங்குவேன். கழுதையும் குதிரையும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. ஆண் குதிரை பெட்டைக்குப் பக்கத்தில் வந்தே ஆக வேண்டுமென்றால் அதன் மூக்கோரம் கொஞ்சம் விக்ஸ் தடவுவோம். பெட்டை வாசம் தெரியாது. இது எந்த விதியிலும் இல்லை.

முரட்டுக் குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்து ஏற்றலாம் என்று விதி அனுமதிக்கிறது. டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் சரி. சந்தையில் எவனாவது ஊசியை நீட்டினால் வேண்டாம். அளவு மீறினால் காலில் பிடிப்பு போய்விடும், ஓடுகிற வண்டியில் நிற்கவே அதற்குத் தெம்பு இருக்காது.

ஏற்றுவதற்குச் சாய்வுப் பலகை வேண்டும். இல்லாத இடத்தில் இருப்பதை வைத்து ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும், விதியே அப்படித்தான் சொல்கிறது. அந்தியூர்ச் சந்தையில் வாய்க்கால் கரையாகப் பார்த்து வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்திவிடுவேன். ஏற்றும்போது நடக்கிற தப்பு எல்லாம் அவசரத்தில் வருவதுதான். நாலு பேர் கத்துவார்கள், ஒருத்தன் வாலைப் பிடிப்பான், ஒருத்தன் சாட்டையை வீசுவான். குதிரைக்கு வண்டி என்பது இருட்டுப் பொந்து, பலகையில் காலை வைத்தால் "டம்"மென்று சத்தம் வேறு. பலகை மேல் சாக்கையும் வைக்கோலையும் பரப்பிச் சத்தத்தைக் கொல்லுங்கள். உள்ளே விளக்கைப் போடுங்கள். பழகின குதிரை ஒன்று இருந்தால் அதை முதலில் ஏற்றுங்கள், மற்றது பின்னாலேயே வரும். கையில் கொஞ்சம் கொள்ளு வைத்துக்கொண்டு, முன்னால் நடக்கிறவன் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். முகத்துக்கு நேரே நின்று இழுத்தால் அது பின்வாங்கத்தான் செய்யும். என் அனுபவத்தில் கத்தி ஏற்றினால் ஒரு மணி நேரம், சும்மா நின்று காத்திருந்தால் இருபது நிமிடம்.

சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒரு அட்டை எழுதி மாட்ட வேண்டும்: அனுப்புகிறவர், வாங்குகிறவர் பேர், விலாசம், போன் நம்பர், எத்தனை குதிரை, எவ்வளவு தீனி. முதலுதவிப் பெட்டியும் உடன் வர வேண்டும். போலீஸ் நிறுத்தினால் அட்டை, டாக்டர் சீட்டு, வண்டி லைசென்ஸ், சந்தை ரசீது நாலும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள்.

ஓட்டுகிற வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர், அதற்கு மேல் கூடாது. எனக்குப் பின்னால் ஹாரன் அடிக்காத பஸ் இல்லை. அந்தியூரிலிருந்து பழநிப் பக்கம் போக எனக்கு ஐந்து மணி நேரம், மற்றவன் மூன்று மணி நேரத்தில் போவான். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் வெயிலும் இல்லை, டிராபிக்கும் இல்லை. குதிரை தன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்காலில் தாங்குகிறது. வளைவிலும் பிரேக்கிலும் நம்மைப் போல் கம்பியைப் பிடித்துக்கொள்ள அதற்குக் கை இல்லை. பின்னால் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பதும் விதி. என் ஆள் ஒரு கட்டையால் கேபினைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. போன் செய்து நான் எடுத்துப் பேசுவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

வழியில் தண்ணீருக்கு ஏற்பாடு வேண்டும் என்று 60-ஆம் விதி சொல்கிறது, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று சொல்லவில்லை. அதற்கு இன்னொரு விதியைக் கடன் வாங்கினேன். கால்நடைகளை நடத்திக் கூட்டிப்போவதற்கு 2001-இல் ஒரு விதி போட்டார்கள். அதில் குதிரைக்கு 3 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் நடத்தக் கூடாது. நின்றுகொண்டே வருவதும் குதிரைக்கு நடக்கிற வேலைதான், அதனால் வண்டிக்கும் அதுவே என் கணக்கு. ஊர்த் தண்ணீரையே டிரம்மில் கொண்டுபோங்கள். புதுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜாதி அது. தண்ணீர் குடிக்காமல் காய்ந்த தீனி மட்டும் தின்றால் வயிற்று வலி, குதிரைக்கு வயிற்று வலி என்றால் உயிர்ப் பிரச்சினை. வழியில் புல்லும் சோளத்தட்டும் போதும், கொள்ளும் தவிடும் வேண்டாம்.

மாட்டினால் என்ன ஆகும் என்று பையன்கள் கேட்பார்கள். 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவில், வதைபடும்படி ஏற்றிச் சென்றால் முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஆமாம், ஐம்பது ரூபாய்தான், இன்னும் மாறவில்லை. மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் 100 ரூபாய் வரை, இல்லாவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். ஐம்பது ரூபாய்க்குப் பயந்து யாரும் மூங்கில் வாங்கமாட்டான் என்று எனக்கும் தெரியும். ஆனால் கேஸ் என்றால் வண்டியும் குதிரையும் ஸ்டேஷனில் நிற்கும், குதிரையைக் காப்பகத்துக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அப்புறம் கோர்ட்டுக்கு நடந்துதான் மீட்க வேண்டும்.

இறக்கும்போதும் அதே பலகை, அதே நிதானம். முதலில் தலைக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் பின்கட்டையை எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பின்னால் பாய்ந்துவிடும். இறங்கியதும் பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். காலைத் தடவிப் பாருங்கள், எங்காவது சூடு இருந்தால் ஈரத்துணி சுற்றுங்கள். தண்ணீர், புல், நிழல். ஊரே கூடி மாலை போட்டு மேளம் அடிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். சவாரியை இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

மறுநாள் காலையில் நானே கூப்பிடுவேன். லத்தி போட்டதா, எத்தனை தடவை, காய்ந்திருக்கா இளகியிருக்கா என்று கேட்பேன். வீட்டுக்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். "போட்டுச்சுங்கண்ணா, நல்லா போட்டுச்சு" என்று பதில் வந்தபிறகுதான் வாடகை பாக்கியைக் கேட்பேன்.